உருண்டைப் பந்துக்கு ஆஸ்திரேலிய அணியைத் தயார் செய்வது எப்படி

ஆஸ்திரேலியாவும் அயர்லாந்தும் மோதும் இன்டர்நேஷனல் ரூல்ஸ் ஒரு பேரத்தில் பிறந்த ஆட்டம். பந்து வைத்திருப்பவரைப் பிடித்து நிறுத்தும் டேக்கிளையும், உதைத்து வந்த பந்தைக் காற்றிலேயே பிடித்தவருக்குத் தடையில்லாத உதை தரும் மார்க்கையும், நீள்வட்டப் பந்தில் ஆடும் ஆஸ்திரேலிய ஃபுட்பாலிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். உருண்டைப் பந்து, செவ்வக மைதானம், வலை கட்டிய கோல், கோல்கீப்பர் எல்லாம் அயர்லாந்தின் கேலிக் ஃபுட்பாலிலிருந்து வந்தவை. இந்தப் பேரத்தில் லாபம் அயர்லாந்துக்குத்தான். டேக்கிளை வாங்கவும் கொடுக்கவும் ஒரு நல்ல விளையாட்டு வீரன் பத்து நாளில் ஓரளவு பழகிவிடுவான். பத்து வயதிலிருந்து நீள்வட்டப் பந்தை உதைத்த கால், பத்து நாளில் உருண்டைப் பந்துக்கு மாறாது. ஆஸ்திரேலிய அணியைத் தயார் செய்பவர் எடுக்கும் எல்லா முடிவுகளும், ஆள் தேர்விலிருந்து பயண நாள் வரை, இந்த ஒன்றை மனதில் வைத்துத்தான் இருக்க வேண்டும்.

முதலில் விதிகள், சுருக்கமாக. ஒரு பக்கத்துக்கு கோல்கீப்பர் உட்பட 15 பேர். மைதானம் கேலிக் அளவு: நீளம் 130 முதல் 145 மீட்டர், அகலம் 80 முதல் 90 மீட்டர். ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையே 6.4 மீட்டர். நடுவிலுள்ள இரண்டு கம்பங்களுக்குக் குறுக்குக் கம்பியும் வலையும் உண்டு. குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், 6 புள்ளி. நடுக் கம்பங்களுக்கு இடையே கம்பிக்கு மேலே போனால் ஓவர், 3 புள்ளி. நடுக் கம்பத்துக்கும் ஓரக் கம்பத்துக்கும் இடையே போனால் பிஹைண்ட், 1 புள்ளி. ஸ்கோரை கோல், ஓவர், பிஹைண்ட் என்ற வரிசையில் எழுதுவார்கள்: 1.14.10 என்றால் 6, 42, 10 சேர்த்து 58. ஆட்டம் 18 நிமிடம் வீதம் நான்கு குவார்ட்டர். பந்தோடு ஓடினால் சுமார் 10 மீட்டருக்கு ஒரு முறை தரையில் தட்ட வேண்டும், அல்லது கால்விரலில் விட்டுக் கைக்கு எடுக்கும் சோலோ செய்ய வேண்டும். தரையில் தட்டுவது ஓர் ஓட்டத்தில் இரண்டு முறைதான், சோலோவுக்கு வரம்பு இல்லை. தொடர்ச்சியான ஹேண்ட்பாஸ் (கையால் தட்டிக் கொடுப்பது) எத்தனை, பெஞ்சில் எத்தனை பேர், ஒரு குவார்ட்டரில் எத்தனை மாற்றம் என்பதை ஒவ்வொரு தொடருக்கு முன்பும் இரு தரப்பும் உட்கார்ந்து பேசி மாற்றிக்கொண்டே வந்திருக்கின்றன. அதனால் பழைய தொடரின் விதித்தாளை நம்பிப் பயிற்சியை ஆரம்பிக்காதீர்கள். அந்த வருடத் தாளை அச்சடித்து, மாறிய வரிகளை மட்டும் கோடிட்டு, முதல் கூட்டத்திலேயே ஆளுக்கொன்று கொடுங்கள்.

ஆள் தேர்வு

2014 முதல், தன் ஆட்ட வாழ்வில் ஒரு முறையாவது ஆல்-ஆஸ்திரேலியன் அணியில், அதாவது அந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர்களின் கௌரவ அணியில், இடம்பெற்றவர்களைத்தான் எடுப்பது என்று ஆஸ்திரேலிய ஃபுட்பாலின் தலைமை லீக்கான ஏஎஃப்எல் முடிவு செய்தது. அதற்கு முந்தைய வருடம் இரண்டு ஆட்டங்களில் மொத்தம் 173–72 என்று அயர்லாந்திடம் வாங்கிய அடியே காரணம். கௌரவம் என்ற அளவில் இது நல்ல விதி. ஆனால் ஆல்-ஆஸ்திரேலியன் என்பது நீள்வட்டப் பந்தில் வாங்கிய பட்டம். அந்தப் பட்டியலை அணியாக எண்ண வேண்டாம், அணியைப் பொறுக்கி எடுக்கும் கூடையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கூடையிலிருந்து முதலில் ஒதுக்கி வைக்க வேண்டியது ரக்மேன்களை, அதாவது நடுவர் வீசும் பந்துக்காகத் தாவும் உயரமானவர்களை. ஏஎஃப்எல்லில் ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் பந்து நடுவுக்கு வரும், எல்லைக்கோட்டிலிருந்தும் நடுவர் உள்ளே வீசுவார், இரண்டு மீட்டர் மனிதனுக்கு நாள் முழுக்க வேலை இருக்கும். இங்கே புள்ளி விழுந்த பின் கோல்கீப்பர்தான் உதைத்து ஆட்டத்தைத் தொடங்குகிறார். பக்கக் கோட்டைத் தாண்டினால் கடைசியாகத் தொட்ட அணியின் எதிரிக்கு ஃப்ரீ கிக். நடுவர் பந்தை மேலே வீசுவது குவார்ட்டர் தொடக்கத்திலும் எப்போதாவது ஒரு முட்டுக்கட்டையிலும்தான். அதற்காக 72 நிமிடமும் 100 கிலோவைச் சுமக்க வேண்டியதில்லை.

2004-ல் இரண்டு ஆட்டங்களில் மொத்தம் 132–82 என்று தோற்ற பிறகு, 2005-ல் பயிற்சியாளர் கெவின் ஷீடி பெரிய உடம்புகளை விட்டுவிட்டு வேகமான, பந்தைக் கையாளத் தெரிந்த ஆட்களை எடுத்தார். பெர்த்தில் நடந்த முதல் ஆட்டம் 100–64, ஆஸ்திரேலியாவுக்கு. தேர்வுக் குழு சுவரில் மாட்டி வைக்க வேண்டிய ஸ்கோர் அது.

யாரை எடுப்பது என்று திணறினால் ஒரு சோதனை வையுங்கள். பத்துப் பந்துகள், ஐந்து இடங்கள், இடத்துக்கு இரண்டு உதை: நேர் எதிரே 30 மீட்டர், நேர் எதிரே 40 மீட்டர், இடமும் வலமும் 45 டிகிரி கோணத்தில் 30 மீட்டர், கடைசியாக ஓடிவந்து 35 மீட்டர். அதற்கு முன் 60 மீட்டர் ஓட்டம் நான்கு, இடையில் 20 நொடி ஓய்வு. மூச்சு வாங்கும்போது உதைப்பதைத்தான் பார்க்க வேண்டும். ஆட்டத்தின் புள்ளியையே போடுங்கள், உச்சம் 30. முன்களத்துக்கும் மிட்ஃபீல்டுக்கும் 20-க்குக் குறைந்தவர் வேண்டாம். பின்களத்துக்கு 14 போதும், அவர்களிடம் பார்க்க வேண்டியது மாறித் திரும்பும் வேகம். உள்ளூர் லீக்கில் வருடத்துக்கு 60 கோல் போடும் ஃபுல் ஃபார்வர்ட் இந்தச் சோதனையில் 12 எடுத்தால் வருத்தப்பட்டுப் பயனில்லை, நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

பந்து

இரண்டு பந்துகளுக்கும் எடையில் பெரிய வித்தியாசம் கிடையாது. கேலிக் பந்து 480 முதல் 500 கிராம், சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர். வித்தியாசம் வடிவத்தில்தான். நீள்வட்டப் பந்தைக் கையிலிருந்து விட்டு உதைக்கும் டிராப் பன்ட் அடிக்கும்போது அது பின்புறமாகச் சுழன்றுகொண்டே போகும், அந்தச் சுழற்சி அதை நேர்கோட்டில் வைத்திருக்கும். காலில் சிறு பிழை இருந்தாலும் சுழற்சி அதை ஓரளவு மறைத்துவிடும். உருண்டைப் பந்து எதையும் மறைக்காது. நடுவிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பட்டாலும் பக்கவாட்டில் சுழலும், கடைசி 15 மீட்டரில் வளைந்து ஓரக் கம்பத்துப் பக்கம் போகும். 3 புள்ளி 1 புள்ளியாவது பெரும்பாலும் அந்த 15 மீட்டரில்தான்.

உதையைத் திருத்தும் வரிசை இது. பந்தை இடுப்பு உயரத்திலிருந்து, உதைக்கும் பக்கக் கையால் விடுங்கள். மார்பு உயரத்திலிருந்து விட்டால் காற்று அதை நகர்த்த நேரம் கிடைக்கிறது. விடும்போது மேலே தூக்கிப் போடக் கூடாது, கையை உருவி எடுக்க வேண்டும். விரல்கள் கீழ்நோக்கி நீண்டிருக்க, பாதத்தின் மேல் எலும்பில், பூட்ஸின் கயிறு கட்டும் இடத்தில், பந்தின் நடுவுக்குச் சற்றுக் கீழே படட்டும். உதைத்த கால் இலக்கை நோக்கியே மேலேற வேண்டும். ஆஸ்திரேலியக் கால்களிடம் அடிக்கடி பார்க்கும் பிழைகள் இரண்டு. ஒன்று, தூரம் வேண்டும் என்று உடம்பைப் பின்னால் சாய்ப்பது. நீள்வட்டப் பந்து அதைப் பொறுத்துக்கொள்ளும், உருண்டைப் பந்து செங்குத்தாக ஏறி 25 மீட்டரில் விழும். இரண்டாவது, வலது கால் உடம்பைக் குறுக்கே கடப்பது. பந்து இடப்பக்கம் கொக்கி போடும். இதற்கு மருந்து: தரையில் ஒரு நேர்கோடு போட்டு, அதன் மேல் நடந்தபடியே 15 மீட்டர் தள்ளி நிற்பவனின் மார்புக்கு 30 உதை. பலம் போடாமல். இப்படி ஒரு வாரம் போன பிறகே கோல் கம்பம் பக்கம் விடுங்கள்.

தூரம் பற்றிய கணக்கையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நீள்வட்டப் பந்தில் 50 மீட்டரிலிருந்து தைரியமாக அடிப்பவர், உருண்டைப் பந்தில் 40 மீட்டருக்கு உள்ளேதான் நம்பத்தக்கவர். ஒவ்வொருவருக்கும் அவரவர் எல்லையை மீட்டரில் எழுதிக் கொடுங்கள், அதற்கு வெளியே அடித்தால் பெஞ்சுக்கு வரட்டும்.

சோலோவைக் கற்றுக்கொடுக்காமலே பல அணிகள் போயிருக்கின்றன, தரையில் தட்டுவது போதும் என்ற நினைப்பில். இரண்டு முறை தட்டி முடித்தபின் எதிரில் ஆளில்லாத மைதானம் இருக்கும், காலில் சோலோ இருக்காது, அங்கே ஓட்டம் நின்றுபோகும். மணிக்கட்டைத் தளர்த்தி முழங்கால் உயரத்தில் பந்தை விட்டு, கால்விரலை உங்களை நோக்கிச் சுண்டினால் பந்து பின்சுழற்சியோடு கைக்கு வரும். நின்றபடி 50, நடந்தபடி 50, ஓடியபடி 50, தினமும். கைக்கு வராமல் முன்னால் ஓடினால் கால்விரல் மடங்கவில்லை என்று அர்த்தம்.

எண்ணிக்கையில் சொன்னால், அணி அறிவிக்கப்பட்ட அன்றே ஆளுக்கு மூன்று பந்து வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு 80 உதை, அதில் 30 பலவீனமான காலில். 2017-ல் ஏஎஃப்எல் இறுதியாட்டம் செப்டம்பர் 30, அயர்லாந்துடன் முதல் ஆட்டம் அடிலெய்டில் நவம்பர் 12. இடையில் ஆறு வாரம். அதில் முதல் இரண்டு வாரம் யாரும் ஓடக்கூட மாட்டார்கள், வருடம் முழுக்க ஆடிய உடம்புக்கு அது நியாயமும்கூட. மிச்சம் நான்கு வாரத்தில் 1,200 உதைக்கு மேல் வரும். முகாமுக்கு வந்தபின் கற்றுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் 300 கூட வராது.

ஒரு ஷாட்டின் விலை

40 மீட்டரில் நேர் எதிரே நின்று பார்த்தால் நடு இடைவெளி ஏறக்குறைய 9 டிகிரி அகலம்தான். அதே தூரத்தில் 45 டிகிரி ஓரத்துக்குப் போனால் அது 6.5 டிகிரியாகச் சுருங்கும். பத்து ஷாட்டில் ஆறு ஓவர், நான்கு பிஹைண்ட் என்றால் 22 புள்ளி. நான்கு ஓவர், ஆறு பிஹைண்ட் என்றால் 18. இரண்டே இரண்டு உதை வளைந்து போனதற்கு விலை 4 புள்ளி. 2015-ல் டப்ளின் க்ரோக் பார்க்கில் ஆஸ்திரேலியா தோற்ற ஸ்கோர் 56–52. 2008-ல் பெர்த்தில் 45–44, மெல்போர்னில் 57–53, இரண்டும் அயர்லாந்துக்கு. 2017-ல் ஆஸ்திரேலியா வென்றதும் அதே போல நூலிழையில்தான்: 63–53, 53–50. உருண்டைப் பந்து உதையை ஏன் இத்தனை பத்தி எழுத வேண்டும் என்று கேட்பவருக்கு இந்த ஸ்கோர்களே பதில்.

கோலுக்குப் போகலாமா ஓவர் எடுக்கலாமா என்ற கேள்வி அணியில் தினமும் வரும். 20 மீட்டரில் மார்க் பிடித்தவர் 85 சதவீதம் ஓவர் போடுவார், தவறினாலும் பெரும்பாலும் 1 கிடைக்கும் என்று வைத்தால் ஒரு ஷாட்டின் மதிப்பு 2.7. கோலுக்கு 6 என்றால், பாதிக்குச் சற்றுக் குறைவாகவாவது, 45 சதவீதம், வலைக்குள் போனால்தான் லாபம். கோல்கீப்பர் கோட்டில் நிற்க, நின்று உதைத்து அந்த விகிதம் கிடைக்காது. அதனால் சட்டம் எளிது: மார்க்கோ ஃப்ரீ கிக்கோ கிடைத்தால் ஓவர். கோல்கீப்பரோடு தனியே மாட்டிக்கொண்டால், அல்லது உள்ளே ஓடிவரும் கூட்டாளிக்கு ஹேண்ட்பாஸ் கொடுத்து அவன் முன்னே வலை திறந்து கிடந்தால் கோல். அப்போதும் தரையோடு, தூரத்துக் கம்பத்தின் பக்கம். மேலே அடித்தால் கம்பியில் பட்டுத் திரும்பும்.

கோல்கீப்பர்

ஆஸ்திரேலிய ஃபுட்பாலில் இல்லாத ஒரே பொறுப்பு இது. நீளக் கையும் நிதானமும் உள்ள பின்களத்து ஆளைத் தேடுங்கள். எஸெண்டன் கிளப்பின் டஸ்டின் ஃப்ளெட்சர் 2015-ல் 40 வயதில் க்ரோக் பார்க் போனது அந்தக் கணக்கில்தான். பந்தைத் தடுப்பது அவர் வேலையில் பாதி. மறுபாதி கிக்-அவுட். எதிரி எடுக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும், எதிரி முனைக்கோட்டுக்கு வெளியே விட்ட ஒவ்வொரு பந்துக்கும் பிறகு ஆட்டம் அவர் காலில்தான் தொடங்குகிறது. எதிரி 50 மீட்டருக்குள் நெருங்கி நிற்கும்போது அவர் பதறி நடுவில் ஒன்றை விட்டால், அது அப்படியே 3 புள்ளியாகத் திரும்பி வரும்.

எனவே கிக்-அவுட்டுக்கு மூன்று ஏற்பாடு போதும், அதற்கு மேல் வைத்தால் குழப்பம். ஓரத்தில் 25 மீட்டரில் தனியாக நிற்பவனின் மார்புக்குக் குறுகிய உதை. பக்கவாட்டில் 45 மீட்டரில் உயரமான இருவர் நிற்கும் இடத்துக்கு மிதக்கும் உதை, கீழே சிதறுவதை எடுக்க மூன்று பேர். ஆள் நெருக்கினால் தலைக்கு மேலே, எதிரி மிட்ஃபீல்டுக்குப் பின்னால். 2014-க்குப் பிறகு பின்பக்கமாக உதைத்த பந்தைக் கூட்டாளி பிடித்தால் மார்க் கிடையாது, ஆட்டம் தொடரும். பிடித்தபின் நின்றுவிடும் பழக்கம் உள்ள பின்களத்தாருக்கு இதைத் தினம் நினைவூட்டுங்கள். கோல்கீப்பரை முகாமுக்கு நான்கு நாள் முன்பே வரவழைத்து, கால்பந்து கோல்கீப்பர் பயிற்சியாளர் ஒருவரிடம் விடுவது நல்லது. தாழ்வாக வரும் பந்துக்குக் கீழே விழுவது அவருக்குப் புதிது, விலாவில் அடிபடாமல் விழக் கற்க அந்த நாலு நாள் வேண்டும்.

மைதானத்தில் மாற்ற வேண்டிய பழக்கங்கள்

நெருக்கடியில் எல்லைக்கோட்டை ஒட்டி உதைத்துவிடுவது ஆஸ்திரேலிய ஆட்டக்காரரின் ரத்தத்தில் ஊறியது. அங்கே தரையில் பட்டு வெளியே போனால் பல சமயம் நடுவர் உள்ளே வீசுவார், இரு அணிக்கும் சம வாய்ப்பு. இங்கே வெளியே போனால் பந்து நேராக எதிரிக்கு. பயிற்சி ஆட்டத்தில் கோட்டுக்கு வெளியே உதைப்பவரின் அணிக்கு 1 புள்ளி கழித்துப் பாருங்கள், இரண்டு நாளில் நின்றுவிடும்.

செவ்வக மைதானத்துக்கு நான்கு மூலை உண்டு. மூலையில் பிடித்த மார்க் புள்ளி தராது, உள்ளே திருப்பித் தரும் ஆளும் இடமும் வேண்டும். மார்க்கை நடுவில் பிடிப்பதுதான் ஆஸ்திரேலியாவின் ஒரே நிரந்தர அனுகூலம். அயர்லாந்துக்காரர் ஓடிக்கொண்டே ஆடுவார், மார்க் பிடித்தவர் நின்று, பார்த்து, அடுத்த உதையைத் தேர்ந்தெடுக்கலாம். குறுக்கே 20, 25 மீட்டர் உதைகளால் மார்க் மார்க்காக முன்னேறி 35 மீட்டருக்குள் நடுவில் ஒருவரைக் கண்டுபிடிப்பதே திட்டம். ஹேண்ட்பாஸ் சங்கிலி போட்டு ஓடப் பார்த்தால் அது அவர்கள் ஆட்டம், அதை அவர்கள் நம்மைவிட நன்றாக ஆடுவார்கள்.

டேக்கிள் தோளுக்குக் கீழே, தொடைக்கு மேலே. கேலிக் ஃபுட்பாலில் கட்டிப்பிடித்து வீழ்த்துவது கிடையாது, ஆகவே இரண்டு கையும் பிடிபட்ட நிலையில் விழ அயர்லாந்துக்காரருக்குப் பழக்கமில்லை. சுழற்றி வீசினால் தலை முதலில் தரையில் படும். 2005, 2006 தொடர்களின் வன்முறைக்குப் பிறகு 2007 தொடரே ரத்தானது, 2008 முதல் இங்கே வாங்கும் தடை வீட்டு லீக்கிலும் தொடரும். டேக்கிளை இப்படிப் பழக்குங்கள்: பிடி, ஒரு கையையாவது பூட்டு, கால் ஊன்றி நிறுத்து, அவனோடு சேர்ந்து உட்கார். எறியும் அசைவே வேண்டாம். நடுவர்களில் ஒருவர் ஏஎஃப்எல்லிலிருந்தும் ஒருவர் அயர்லாந்திலிருந்தும் வருவார்கள், ஒரே டேக்கிளுக்கு இருவரும் ஒரே மாதிரி விசில் ஊதுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. முதல் குவார்ட்டரில் யார் எதற்கு ஊதுகிறார் என்று பெஞ்சில் ஒருவர் குறித்துக்கொண்டு இடைவேளையில் சொல்லட்டும்.

அயர்லாந்தில் தொடர் என்றால்

நவம்பரில் மெல்போர்னுக்கும் டப்ளினுக்கும் 11 மணி நேர வித்தியாசம். ஆட்டத்துக்குக் குறைந்தது ஒன்பது நாள் முன்னால் போய் இறங்குங்கள். முதல் இரண்டு நாள் வெறும் நடை, லேசான உதை. மூன்றாம் நாளிலிருந்து பயிற்சியை ஆட்டம் நடக்கும் அதே மாலை நேரத்தில் வையுங்கள். விளக்கொளியில் நனைந்த உருண்டைப் பந்து சோப்புக் கட்டி. அயர்லாந்துக்காரர்கள் பலர் கையுறை போட்டு ஆடுவார்கள், நம் ஆட்களும் போடலாம், ஆனால் வீட்டிலேயே முதல் வாரத்திலிருந்து போட்டுப் பழக வேண்டும். ஆட்டத்தன்று காலையில் புதிதாக வாங்கிய கையுறையோடு வருபவர் மூன்று மார்க்கை நழுவவிட்டுக் கழற்றி எறிவார். பூட்ஸுக்கு நீளமான ஸ்டட் ஒரு ஜோடி கூடுதலாக. பயிற்சிப் பந்துகளைப் பத்து நிமிடம் வாளித் தண்ணீரில் முக்கி எடுத்துப் பயன்படுத்துங்கள்.

மாற்றங்களுக்கு வரம்பு இருப்பதால், குவார்ட்டரின் 5, 10, 14-ம் நிமிடங்களில் கூட்டமாக மாற்றி, கடைசி நான்கு நிமிடத்துக்கு இரண்டு மாற்றத்தைக் கையில் வைத்திருங்கள். தொடர் இரண்டு ஆட்டமாக நடந்தால் அதன் பரிசான கோர்மக் மெக்கனாலன் கோப்பை மொத்தப் புள்ளிக்குத்தான். முதல் ஆட்டத்தில் 15 புள்ளி பின்தங்கி ஒரு நிமிடம் மிச்சமிருந்தாலும் அங்கே எடுக்கும் ஓர் ஓவர் அடுத்த வாரம் கணக்கில் நிற்கும். 2010-ல் லிமெரிக்கில் 47–40, க்ரோக் பார்க்கில் 55–52, இரண்டும் ஆஸ்திரேலியாவுக்கு. முதல் ஆட்டத்தின் அந்த 7 புள்ளி கையில் இருந்ததால், இரண்டாம் ஆட்டத்தை 6 புள்ளியில் தோற்றிருந்தாலும் கோப்பை ஆஸ்திரேலியாவுக்குத்தான். ஆகவே தோற்கும் ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்துக்கும் தனியாக ஒரு திட்டம் எழுதி வையுங்கள்: கோலுக்காகத் தவிக்காமல், 40 மீட்டருக்குள் கிடைத்த ஒவ்வொரு மார்க்கிலும் ஓவர்.